வீரம்மா வீட்டுப் பக்கம் போனவர்

அக்கரப்பத்தனை
2024 மார்ச் 4

அன்புள்ள வடிவு,

கிழித்துப் போடாமல் வாசி. கிழிப்பதென்றால் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுக் கிழி. நான் நலம், நீ நலமா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் நலமில்லை. அதை உனக்குச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!

போன் பண்ணினால் நீ கட் பண்ணுகிறாய். அது ஒருபக்கம் இருக்கட்டும். நீ எடுத்தாலும் இந்த விஷயத்தைப் போனில் பேச முடியாது. லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் இல்லை. காலையில் எல்லாரும் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்து மேட்டில் ஏறி நின்று கத்த வேண்டும். கொழும்பில் இருக்கிற உனக்குக் கேட்பதற்கு முன்னால் தோட்டம் முழுக்கக் கேட்டுவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வீரம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஒருநாளும் போகவில்லை. நான் போனதெல்லாம் அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நம்ம லயத்துக் கக்கூசுக்கு. அது கடைசி வீட்டுக்குப் பின்னால் இருப்பதும், கடைசி வீட்டில் புருஷன் இல்லாத ஒருத்தி இருப்பதும் என் குற்றமா?

ஒரு வருஷமாக எனக்கு மூத்திரம் ஒழுங்காகப் போவதில்லை, வடிவு. எழுதிவிட்டேன். இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழும்ப வேண்டும். அவசரமாக ஓடுவேன். போய் நின்றால் வராது. நின்று நின்று கால் மரத்த பிறகு சொட்டுச் சொட்டாக வரும். திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் முட்டும். மூத்த அண்ணன் புற்றுநோயில் போன மாதிரி நானும் போகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் போய் இந்த இடத்தில் கோளாறு என்று சொன்னால், பழனியாண்டிக்குக் கெட்ட வியாதி என்று மறுநாளே பேச்சு வந்துவிடும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன வாரம் தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்துவிட்டது. தேயிலை அரைக்கிற மெஷினை விட்டுவிட்டு ஓடினால் டீமேக்கர் ஐயா சும்மா விடுவாரா? அந்த அவமானத்தில்தான் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே டாக்டர் துஷாந்த் என்று ஒருவர், நம்ம ஹட்டன் பிள்ளை. எந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார் என்று எழுத மாட்டேன். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, கையில படுற அளவுக்குப் புத்துநோய் மாதிரி தெரியல. ரத்தமும் எடுத்துப் பாப்போம். சலப்பைக்கு, அதான் மூத்திரப் பைக்குக் கீழ புரொஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது பெருத்துப்போயி வழிய நெருக்குது. வயசான ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு வர்றதுதான்."

"அது ஏங்க டாக்டர் பெருக்குது?"

"ஆம்பள ஹோர்மோனாலதாங்க. அது இல்லாட்டி இது வளராது."

வடிவு! அதைக் கேட்டதும் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆம்பளை ஹோர்மோன்! எனக்கு வந்திருப்பது ஆம்பளையாக இருப்பதால் வருகிற வியாதி. பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்துச் சீட்டு நோனா எழும்பிப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகவே உன் சந்தேகம் தீர்ந்தது. புதுவருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடு.

உன்
பழனியாண்டி


வெள்ளவத்தை
2024 மார்ச் 12

நிலக்ஷி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மூன்று தரம் வாசித்தேன். வியாதி வந்த மனுஷன் எழுதியது மாதிரி இல்லை, லொத்தர்ச் சீட்டு விழுந்தவர் எழுதியது மாதிரி இருக்கிறது.

ஹோர்மோன் என்று நல்ல கதை கண்டுபிடித்திருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவள்தான், ஆனாலும் என்னிடம் சில கேள்விகள் இருக்கின்றன. மூத்திரம் பெய்ய ஓர் ஆம்பளைக்கு அவ்வளவு தூரம் எதற்கு? வாசலுக்கு எதிரே கழிவுத் தண்ணீர்க் கான் ஓடுகிறது. லயத்து ஆம்பளைகள் எல்லாருக்கும் அந்தக் கான் போதும், உங்களுக்கு மட்டும் போதாதா? அடுத்தது, விடியற்காலையில் வீரம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று, அவள் கையால் பிளேன்டி வாங்கி நீங்கள் ஊதி ஊதிக் குடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதுவும் ஹோர்மோனா?

எல்லாவற்றையும் விடுங்கள். ஒரு வருஷமாக நீங்கள் என்னை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் தனிப் பாய் போட்டுக்கொண்டீர்கள். கிட்டே வந்தால் "தூக்கம் வருது, நீ போ" என்றீர்கள். ஆம்பளை ஹோர்மோன் அவ்வளவு இருக்கிறவர் பெண்டாட்டி பக்கத்தில் படுக்க ஏன் பயந்தார்? இதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுத்தில் என்பதால் கேட்கிறேன்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு நான் ஏன் இந்த வீட்டுக்குச் சமைக்க வந்தேன் என்று நினைக்கிறீர்கள்? பீலிக்கரைக்குத் தண்ணீர் பிடிக்கப் போக முடியவில்லை. நான் போனால் எல்லாருடைய வாயும் மூடிக்கொள்ளும். நம்ம லயத்துப் பெற்றீசியா அக்கா கறிவேப்பிலை தருகிற சாக்கில் என் கையைப் பிடித்து, "ஆம்பளைங்க அப்படித்தான் வடிவு, வயசு போனா புத்தியும் போயிரும்" என்று சொன்னாள். அவள் புருஷன் கஸ்பர் அண்ணன்தானே உங்களை அங்கே பார்த்ததாக ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னவர்.

எனக்கு வேலை இருக்கிறது. இந்த வீட்டு ஐயாவுக்குக் கஞ்சி வைக்க வேண்டும்.

சண்முகவடிவு


அக்கரப்பத்தனை
2024 மார்ச் 20

அன்புள்ள வடிவு,

பதில் எழுதினாயே, அது போதும். திட்டிய பதிலானாலும் தபால்காரர் கொடுத்ததும் ஸ்டோரில் எல்லாருக்கும் காட்டினேன். உறையை மட்டும்தான் காட்டினேன்.

கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். கானோரம் நிற்க முடியாது, வடிவு. மற்றவர்கள் வந்து நின்று பெய்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அங்கேயே முக்கிக்கொண்டு நிற்பேன். ஆறு வீட்டுக் கதவும் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. கக்கூசுக்குள் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். போய் வந்து மறுபடியும் போவதைவிட அங்கேயே நிற்பது லேசு என்று மழைக்கு வீரம்மா தாழ்வாரத்தில் ஒதுங்குவேன். அவள் விடியலில் எழும்பி அடுப்பு மூட்டுகிறவள். பனியில் ஒருத்தன் நடுங்குவதைப் பார்த்துப் பிளேன்டி கொடுத்தாள். குடித்தேன். அதைக் குடித்தால் இன்னும் முட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது டாக்டர் சொல்கிறார், சாயந்தரத்துக்குப் பிறகு தேத்தண்ணி தொடக் கூடாதாம். தேயிலைக்குள் பிறந்து தேயிலை அரைத்து வாழ்கிற என்னிடம் சொல்கிறார்!

இஸ்தோப்பில் படுத்தது உன் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான். இன்னொன்றும் இருக்கிறது. சில நாள் பாய் நனைந்துவிடும். நீ பார்த்தால் என்ன நினைப்பாய் என்று பயந்தேன்.

இனி ஹோர்மோன். ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனபோது மறுபடியும் கேட்டேன். முடிவு நல்லது, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்றார். "எனக்கு அந்த ஹோர்மோன் மத்தவங்களவிடக் கூடிப்போச்சுங்களா டாக்டர்?" என்று ஆசையோடு கேட்டேன். அவர் சிரித்தார்.

"கூடின ஆளு, கொறைஞ்ச ஆளுன்னெல்லாம் இல்லீங்க. எல்லா ஆம்பளைக்கும் உள்ளதுதான். இன்னுஞ் சொல்லப்போனா வயசோட ரத்தத்துல அது கொறைஞ்சுக்கிட்டுத்தான் வரும்."

குறைந்துகொண்டு வந்தால் இது எப்படி வளர்கிறது என்று நான் விடாமல் கேட்டேன். அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்தபடி உனக்குச் சொல்கிறேன். டெஸ்டஸ்டெரோன் என்று ஒன்று விதையில் ஊறி ரத்தத்தில் ஓடுகிறது. அதைக் கொழுந்து என்று வைத்துக்கொள். புரொஸ்டேட்டுக்குள் ஒரு சின்ன ஸ்டோர் இருக்கிறது. அங்கே நொதியம் என்று ஒரு மெஷின் அந்தக் கொழுந்தை மாற்றி டிஎச்டி என்ற தூளாக்குகிறது. கொழுந்தைவிடத் தூளுக்கு வேகம் கூட. அதுதான் சுரப்பியை வளரச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருக்கிறது. வயது போனால் கொழுந்து வரத்து குறையும், ஸ்டோர் நிற்காது. வருகிற கொஞ்சத்தையும் அரைத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் சுரப்பி பெருத்து மூத்திரக் குழாயை இறுக்கிப் பிடித்துவிடும். சின்ன வயதிலேயே விதை எடுக்கப்பட்டவர்களுக்கு இந்த வியாதி வருவதே இல்லையாம். வயதும் வேறு சிலதும் சேர்ந்துதான் வருகிறது, ஆனால் ஹோர்மோன் இல்லாமல் வராது என்கிறார். இதைக் கேட்டுக்கொண்டு இருந்தபோது எனக்கு வந்த வியாதி என்பதே மறந்துபோனது. உடம்புக்குள் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று இத்தனை வருஷமும் தெரியாமல் இருந்திருக்கிறேனே!

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். இரண்டு மாத்திரை. ஒன்று வழியைத் தளர்த்துமாம். மற்றது அந்த மெஷினை நிறுத்துமாம். தூள் வராவிட்டால் சுரப்பி மெல்ல மெல்லச் சுருங்குமாம், ஆறு மாதம் போல ஆகுமாம். "சில பேருக்கு ஆசை கொஞ்சம் கொறையலாம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

எனக்கு "சில பேருக்கு" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. மீசை போய்விடுமா, குரல் கீச்சென்று ஆகிவிடுமா என்று கேட்டேன். அதெல்லாம் ஆகாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். என்றாலும் இரண்டு மாத்திரையும் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. நீ இல்லாத வீட்டில் இதை யாரிடம் கேட்பது?

உன்
பழனியாண்டி


வெள்ளவத்தை
2024 மார்ச் 28

நிலக்ஷி அப்பாவுக்கு,

பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களா! உடனே பிரியுங்கள். இந்தக் கடிதத்தை முடிக்குமுன் எழும்பிப் போய்ப் பிரியுங்கள்.

நான் உங்களை நம்புகிறேன். ஏன் நம்புகிறேன் என்றால், இந்த வீட்டு ஐயாவுக்கும் அதே வியாதி. சாப்பாட்டு மேசையில் தினமும் நான் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை அதுதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. உங்கள் கடிதத்தில் உள்ள புரொஸ்டேட் என்ற பெயரைச் சொல்லி இந்த வீட்டு அம்மாவிடம் நைசாகக் கேட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அட, ஒண்ட புருஷனுக்குமா? இவருக்கு மூண்டு வருஷமா!" என்று உட்கார வைத்துச் சொன்னார்கள். இரவில் எழும்பினது, அவசரமாக ஓடினது, நின்று தவித்தது, நீங்கள் எழுதின அத்தனையும் அப்படியே சொன்னார்கள். நான் குசினிக்குப் போய் அடுப்படியில் நின்று அழுதேன். அப்புறம் சிரித்தேன். ஒரு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஒரு சுரப்பியா!

அந்த மாத்திரையால் ஐயாவுக்கு ஆசை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலேயே அம்மா சிரித்த சிரிப்பில் ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்தது. வழுக்கையில் மட்டும் கொஞ்சம் முடி முளைத்திருக்கிறதாம். இன்னும் இரண்டு விஷயம் சொன்னார்கள். நிலக்ஷி மாசமாக இருக்கிறாள், வீட்டுக்கு வந்தால் உடைந்த மாத்திரையை அவள் தொடக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மற்றது, சளிக்குக் கடையில் விற்கிற மாத்திரைகளை நீங்கள் டாக்டரிடம் கேட்காமல் போடவே கூடாது. அதில் சிலது வழியைப் பூட்டிவிடுமாம். ஐயாவை அப்படி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

இதெல்லாம் ஒரு பக்கம். இப்போது இதற்குப் பதில் சொல்லுங்கள். கஸ்பர் அண்ணன் உங்களை ஒவ்வொரு தடவையும் பார்த்தாரே, அந்த நேரத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை? வெங்காயம் வெட்டும்போது இது தோன்றி, கத்தியைக் கீழே போட்டுவிட்டேன்.

வருகிறேன் என்று இன்னும் எழுத மாட்டேன். நீங்கள் நோயை மறைத்ததை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் லயத்தில் உங்களுக்கு ஒரு பொம்பளை இருப்பதாகப் பேசினார்களே, அது உங்கள் காதுக்கும் வந்தது. ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தீர்கள். நான் பீலிக்கரையில் தலை குனிந்து நின்றேன். வீட்டுக்கு நான் வரவேண்டும் என்றால், அதே பீலிக்கரையில் எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லுங்கள்.

சண்முகவடிவு


நுவரெலியா, ஆஸ்பத்திரி
2024 ஏப்ரல் 2

அன்புள்ள வடிவு,

பயப்படாதே. கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் கடிதத்தை இன்றைக்குத்தான் கஸ்பர் கொண்டுவந்து கொடுத்தான். சளி மாத்திரை போடாதே என்ற இடத்துக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து நாளைக்கு முன்னால் கிடைத்திருக்கக் கூடாதா?

பனியில் நின்று நின்று சளி பிடித்துவிட்டது. டாக்டர் கொடுத்ததைப் பிரிக்கப் பயந்த நான், கடையில் வாங்கின சளி மாத்திரையை ஒரு பயமும் இல்லாமல் காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு என்று போட்டேன். அது வியாழக்கிழமை. பெரிய வெள்ளி அன்று காலையில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. வடிவு, அந்த வலியை எழுத எனக்குத் தெரியாது. முற்றத்தில் நாலு காலில் தவழ்ந்தேன். கஸ்பர் வீட்டார் கோயிலுக்குப் போகப் பிடித்திருந்த வேன் நின்றது. பெற்றீசியா எல்லாரையும் இறக்கிவிட்டு என்னை ஏற்றினாள். லிந்துலை தாண்டுவதற்குள் நான் செத்துவிடுவேன் என்று கஸ்பர் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டான்.

இங்கே ஒரு குழாயை விட்டார்கள். அவ்வளவுதான்! பை நிறைந்துகொண்டே போகிறது, எனக்குக் கண்ணீர் வழிகிறது, தாதியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உலகத்தில் இதைவிடப் பெரிய சுகம் ஒன்று இருப்பதாக இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

டாக்டர் துஷாந்த் வந்து நன்றாகத் திட்டினார். வழியைத் தளர்த்துகிற மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினேன். மற்றதற்கு யோசிக்க நேரம் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாகப் போனால் வீட்டுக்கு அனுப்புவார்கள், போகாவிட்டால் ஒபரேஷன்.

லயத்திலிருந்து வந்தவர்கள் என்ன வியாதி என்று கேட்டார்கள். கல்லடைப்பு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன்
பழனியாண்டி


வெள்ளவத்தை
2024 ஏப்ரல் 5

நிலக்ஷி அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி என்று மேலே எழுதியிருந்ததைப் பார்த்ததும் கடிதத்தை முழுக்க வாசிக்காமல் பையைக் கட்டினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டிரைவர் தம்பி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகக் காரை எடுத்துவிட்டார். காரில் உட்கார்ந்து மிச்சத்தை வாசித்தேன். அழுதுகொண்டே வாசித்தேன். கல்லடைப்பு என்ற கடைசி வரி வந்ததும் காரைத் திருப்பச் சொல்லிவிட்டேன்.

செத்துப் பிழைத்த பிறகும் உங்களுக்குக் கல் வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், வீரம்மா வீட்டுக்குப் போனவன் கல்லடைத்துச் செத்தான் என்று சொல்லியிருப்பார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்க வேண்டும். கடிதத்தில் சொன்னது போதாது. எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

வேளைக்கு மாத்திரை போடுங்கள். குளிருக்கு மேலே இரண்டு போர்வை கேளுங்கள், கேட்டால் தருவார்கள்.

சண்முகவடிவு


அக்கரப்பத்தனை
2024 ஏப்ரல் 11

அன்புள்ள வடிவு,

சொல்லிவிட்டேன்! சொல்லிவிட்டேன்! எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை குழாயை எடுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் வார்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் சிங்கள மாத்தயா "தாம நெத்த?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் வரவில்லையா என்றுதான். போனது, வடிவு! நின்றேன், போனது! நான் வெளியே வந்து கையைத் தூக்கியதும் அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கை தட்டினார்.

வீட்டுக்கு வந்த அன்று உன் கடிதம் காத்திருந்தது. கார் திரும்பின இடத்தை வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குள் நான் யார் என்ற எண்ணத்தைக் காப்பாற்றத்தான் அந்தக் கல்லைச் சொன்னேன். அது உன்னைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் விடிந்ததும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனேன். பொம்பளைகள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். வீரம்மாவும் நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"எல்லாரும் கேளுங்க. எனக்குக் கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. ஒரு வருசமா மூத்திரம் போகாத வியாதி. ஆம்பளைங்களுக்கு வர்றது. நா ராத்திரியில போனதெல்லாங் கக்கூசுக்கு. எங்க வூட்டுப் பொம்பள ஒரு தப்பும் பண்ணாம தலகுனிஞ்சு போயிருச்சு. அது எங்குத்தம்."

வாளி நிறைந்து வழிவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. முதலில் வாயைத் திறந்தது வீரம்மாதான்.

"ஏண்ணே, இதச் சொல்ல ஒனக்கு ஒரு வருசமா? வடிவுக்கு மட்டுமா தல குனிஞ்சிச்சு? எம்பேரு என்னா ஆனுச்சு? எம்மகளப் பொண்ணு பாக்க வந்தவங்க திரும்பிப் போனது ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது, வடிவு. சத்தியமாகத் தெரியாது. அவள் பெயரைப் பற்றி நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை. எல்லாருக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த மாப்பிள்ள வூட்டுக்கு நானே போயிச் சொல்றேன் தங்கச்சி" என்றேன். "போகத்தான் வேணும். நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

இனித்தான் வேடிக்கை. பெற்றீசியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப எங்க வூட்டு ஆளும் ராத்திரியில நாலு தரம் எழும்பிப் போறாரே, மாட்டுப்பட்டிக்குச் சிறுத்த வருதான்னு பாக்கப் போறேங்கிறாரே!" என்றாள். நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது! நான் நேரே கஸ்பரிடம் போனேன். "டேய், நீ எத்தன சிறுத்தயப் பாத்த?" என்றேன். முதலில் முறைத்தான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒன்னயப் பாத்தேன்னு சொல்லவும் எனக்குச் சாக்குக் கிடைச்சிருச்சு மச்சான். நா ஏன் நிக்கிறேன்னு யாருங் கேக்கலல்ல" என்றான். அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயந்துபோய் இருக்கிறான், வடிவு. அவனும் புற்றுநோய் என்றுதான் நினைத்திருக்கிறான்.

சாயந்தரத்துக்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக, சும்மா வருகிற மாதிரி வந்து, பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு, "அண்ணே, அந்த டாக்டரு எந்தெந்த நாளுல இருப்பாரு?" என்று கேட்கிறார்கள். நம்ம லயத்து ஆம்பளைகளில் பாதிப் பேர் இருட்டில் ஒருவருக்கொருவர் ஒளிந்து திரிந்திருக்கிறோம்! புதுவருஷம் முடிந்ததும் அதே வேனைப் பிடித்து எல்லாரும் கிளினிக்குக்குப் போகிறோம். நான்தான் முன் சீட்டு.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த இரண்டாவது மாத்திரை. இப்போது போகிறது என்பதற்காக விட்டால், சுரப்பி வளர்ந்துகொண்டேதான் இருக்கும், திரும்பவும் அடைக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்குப் பயமாக இருக்கிறது, வடிவு. குழாயைவிட இதற்குத்தான் பயமாக இருக்கிறது. நீ திரும்பி வருகிற நேரத்தில் நான் உனக்கு உதவாதவனாக இருந்தால்? இதை வாயால் கேட்க என்னால் முடியாது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன்
பழனியாண்டி


வெள்ளவத்தை
2024 ஏப்ரல் 17

என்னங்க,

லீவில் தபால் வராமல் உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சிறுத்தை வந்த இடத்தில் ஐயாவுக்குப் புரையேறிவிட்டது.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தலவாக்கலையில் இறங்குவேன். கஸ்பர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள், நீங்கள் மட்டும் வாருங்கள். வந்ததும் முதல் வேலையாக நான் வீரம்மா வீட்டுக்குப் போக வேண்டும். நானும் அவளை மனதுக்குள் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கல்யாணம் கூடிவந்தால் சமையல் என்னுடையது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பொய் எழுத மாட்டேன். ஆசை குறைந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதினால் அது பொய். குறைந்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். டாக்டரிடம் போய் இரண்டு பேருமாகக் கேட்போம். ஆனால் ஒரு வருஷமாக நீங்கள் வெளியே பனியில் நின்றீர்கள், நான் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துப் படுத்திருந்தேன். அந்த வருத்தத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றும் பெரிதில்லை. எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டும். பக்கத்தில் வேண்டும்.

மாத்திரையைப் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள்.

எத்தனை தடவை எழும்ப வேண்டியிருந்தாலும் எழும்புங்கள். எழும்பும்போது என்னையும் எழுப்புங்கள்.

உங்கள்
வடிவு